உயிர்காப்பாளர் இல்லாத கடற்கரையில் நீங்கள் கண்டது என்ன? மெய்ட்லண்ட் பே அனுபவங்கள்

சிட்னிவாசி:

சிட்னியிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் புடி தேசியப் பூங்கா. கில்கேர் மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் செங்குத்தான பாதையில் இறங்கினால் மெய்ட்லண்ட் பே. கீழே கடை கிடையாது, குடிதண்ணீர் கிடையாது, உயிர்காப்பாளரும் கிடையாது. உயிர்காப்பாளர்கள் சிவப்பு மஞ்சள் கொடி நட்ட இடத்தில்தான் குளிக்க வேண்டும் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கொடியை இங்கே தேட வேண்டாம். கூட்டம் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். திரும்பி ஏறவேண்டிய ஏற்றம் இன்னொரு காரணம்.

நாங்கள் நீந்தப் போவதில்லை, பாறைக்குட்டைகளைப் பார்க்கத்தான் போகிறோம். கடல் முழுதாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பாறைக்குப் போய்விடுவோம். தண்ணீர் இறங்க இறங்க நாமும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறலாம். ஏற ஆரம்பித்ததும் மூட்டை கட்டிவிடலாம். எந்நேரமும் ஒருவராவது கடலைப் பார்த்தபடி நிற்க வேண்டும், இது எங்கள் வீட்டுச் சட்டம்.

மணிகளைக் கோத்துப் போட்டதுபோல் கிடக்கும் பழுப்புப் பாசிக்கு நெப்டியூன் மாலை என்று பெயர். ஒவ்வொரு மணிக்குள்ளும் தண்ணீர் இருப்பதால் வெயிலில் உடனே காய்ந்துவிடாது. அதன் பக்கத்தில் சிவப்பாக, வழவழவென்று பாறையில் ஒட்டியிருப்பது கடற்சாமந்தி. குட்டையில் தண்ணீர் மூடும்போதுதான் இதழ் விரிக்கும்.

சரி, அங்கே நாங்கள் கண்டதற்கு வருகிறேன். எங்களுக்கு முன்னால் ஒரு பையன் காலியான சிப்பி ஒன்றை எடுக்கக் குனிந்தான். வயதான ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவர் அதட்டாமல் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, "கொஞ்சம் பொறு, உள்ளே ஆள் இருக்கலாம்" என்றார். எல்லாரும் குனிந்து காத்திருந்தோம். முதலில் ஒரு கை, அப்புறம் இன்னொன்று. உள்ளங்கைக்குள் அடங்கும் ஆக்டோபஸ், மங்கிய பழுப்பு நிறம். எங்கள் நிழல் பட்டதோ என்னவோ, உடம்பெங்கும் நீல வளையங்கள் பளீரென்று எரிந்தன. நீலவளைய ஆக்டோபஸ்! கடித்தால் வலியே தெரியாமல் போகலாம், ஆனால் அந்த நஞ்சு தசைகளை முடக்கி மூச்சை நிறுத்திவிடும். மாற்று மருந்து கிடையாது. ஆம்புலன்ஸ் வரும்வரை வாயோடு வாய்வைத்து மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தானாக வந்து தாக்கும் பிராணி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாரும் அந்தப் பக்கமே போகமாட்டீர்கள். கையை உள்ளே விடாமல் கண்ணால் பார்த்தால் போதும். எப்படியும் அங்கே எதையும் எடுக்க அனுமதியில்லை: பூங்காவை ஒட்டிய கடல் 1971 முதலே பாதுகாக்கப்பட்ட பகுதி.

கிழக்குக் கோடிப் பாறையில், கடல் வற்றினால் துருப்பிடித்த கொதிகலன் ஒன்று தெரியும். 1898 மே மாதப் புயலில் உடைந்த மெய்ட்லண்ட் என்ற நீராவிக் கப்பலுடையது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விரிகுடாவுக்கு அந்தப் பெயர் கப்பலால் வந்தது. இந்தக் காடும் கரையும் வீட்டுமனைகளாகாமல் தப்பியதில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் முதல் பெண் சொலிசிட்டரான (வழக்கறிஞரான) மேரி பைல்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

தூத்துக்குடிக்காரி:

அண்ணா, நாங்களும் போனோம், ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவோடு. அப்பா முப்பது வருஷம் கடலுக்குப் போனவர். புட்டி பீச்சிலிருந்து கரையோரப் பாதையில் நடந்து போனதால் மேட்டிலிருந்தே கடல் முழுக்கத் தெரிந்தது. என் கணவர், "அதோ, அந்த இடத்தில் அலையே இல்லை, அங்கே குளிக்கலாம்" என்றார். அப்பா சிரித்துவிட்டார். "மாப்ள, ரெண்டு பக்கமும் நுரை இருக்கு, நடுவுல மட்டும் கறுப்பா இருக்கு பாருங்க. கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போற வழி அது. ஆளையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிரும்" என்றார். இங்கே உயிர்காப்புச் சங்கத்தார் படம் போட்டு விளக்குவதும் அதையேதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தி ஓய்ந்துபோகாமல், மிதந்துகொண்டே கையை உயர்த்திக் காட்டச் சொல்கிறார்கள். அன்றைக்கு என் கணவர் கணுக்கால்கூட நனைக்கவில்லை. அப்பாவுக்கு ஒரே ஒரு குறை: இவ்வளவு மீன் இருக்கும் இடத்தில் தூண்டில் போடக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்களே!

போனில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வந்தது. எமர்ஜென்சி பிளஸ் என்ற செயலியை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசர உதவி எண்ணான 000-க்கு அழைக்கும்போது நாம் நிற்கும் இடத்தை அது காட்டும்.

மெல்பர்ன் நடையன்:

எங்கள் பக்கம் இதற்கு இணையாகச் சொல்வதென்றால் கேப் ஷாங்க்கிலிருந்து புஷ்ரேஞ்சர்ஸ் பே போகும் பாதை. 1859-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் தொடங்கும். கறுப்பு எரிமலைப் பாறை, அதில் ஆழமான குட்டைகள். போன முறை திரும்பும்போது பாதையின் குறுக்கே ஒரு கங்காரு நின்றது. வழி விடவில்லை, நாங்கள்தான் ஒதுங்கினோம். கடல் மட்டும் சிட்னியைவிட முரடு, குளிர்ச்சியும் அதிகம். சிட்னிக்காரர்கள் வருவதானால் ஒன்று: வற்றும் நேரம் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் ஊர் அட்டவணையைப் பார்த்துவிட்டு இங்கே பாறையில் இறங்காதீர்கள்.