டோக்கியோ: இரண்டு வாடகை விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டன, மூன்றாவதாக வந்திருக்கும் தெய்கி ஷாகுயா (குறித்த காலத்தோடு முடிந்துவிடும் வாடகை ஒப்பந்த) வீட்டை ஏற்கலாமா?

கொங்குவேள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். டோக்கியோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 14 மாதங்களாகப் பணிபுரிகிறேன். இதுவரை நிறுவனம் கொடுத்த கமாத்தா ஒற்றை அறையில் தங்கியிருக்கிறேன். அக்டோபரில் மனைவியும் ஐந்து வயது மகளும் வரவிருப்பதால், எடோகாவா வட்டத்தில் நிஷிகசாய் அல்லது கசாய் நிலையத்திற்கு நடந்து செல்லும் தொலைவில் 2டிகே (இரண்டு அறையும், சாப்பிடும் இடத்தோடு சமையலறையும் உள்ள) வீடு ஒன்றை என் பெயரிலேயே எடுக்க முயல்கிறேன். தன் பெயரில் ஒப்பந்தம் போட்டுத்தர நிறுவனம் மறுத்துவிட்டது.

முதல் வீட்டிற்கு முகவர் என் கண்முன்னேயே உரிமையாளரை அழைத்துப் பேசினார். விண்ணப்பிப்பவர் வெளிநாட்டவர் என்று சொன்னதும் அழைப்பு முடிந்துவிட்டது. வீட்டைப் பார்க்கக்கூட விடவில்லை. இரண்டாவது வீட்டின் உரிமையாளர் சம்மதித்தார். ஆனால் ஹோஷோ கைஷா, அதாவது வாடகைக்கு உத்தரவாதம் தரும் நிறுவனம், மூன்றே நாளில் நிராகரித்தது. காரணம் சொல்லவில்லை. என் ஜைரியூ கார்டில், அதாவது வெளிநாட்டவருக்கான தங்கல் அட்டையில், இன்னும் பத்து மாதங்களே மீதமிருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த வீட்டிற்காக முன்பணமாகக் கொடுத்த 50,000 யென்னை முகவர் திருப்பித் தராமல், அடுத்த வீட்டிற்குக் கழித்துக்கொள்கிறேன் என்கிறார்.

இப்போது மூன்றாவதாக ஒரு வீடு காட்டுகிறார். வாடகை 1,10,000 யென், பராமரிப்புக் கட்டணம் 8,000 யென். இது இரண்டு ஆண்டு தெய்கி ஷாகுயா ஒப்பந்தம். தொடக்கச் செலவு மதிப்பீட்டில் ஷிகிகின் (வைப்புத்தொகை) ஒரு மாதம், ரெய்கின் (உரிமையாளருக்குத் தரும், திரும்பி வராத தொகை) இரண்டு மாதம், முகவர் கட்டணம் 1,21,000, ஹோஷோ கைஷாவுக்கு 1,18,000, தீக்காப்பீடு 20,000, பூட்டு மாற்ற 22,000, கிருமிநீக்கம் 16,500, 24 மணிநேர உதவிச் சேவை 16,500, முதல் மாத வாடகை 1,18,000 என மொத்தம் 7,62,000 யென் வருகிறது. நாளை மறுநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். கையெழுத்திடலாமா? இவற்றில் எவற்றை மறுக்க முடியும்?

வைகைக்கரை (மறுமொழி)

வணக்கம். நான் இங்கே ஒரு வீட்டுமுகவர் அலுவலகத்தில் மூன்று ஆண்டுகள் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவள். நாளை மறுநாள் என்ற கெடுவைப் பொருட்படுத்தாதீர்கள். நான் பார்த்த மதிப்பீட்டுத் தாள்களில் பெரும்பாலானவை அப்படித்தான் முடியும்.

உங்களுக்கு நேர்ந்தவை இரண்டு வேறு வேறு மறுப்புகள். முதலாவது உரிமையாளரின் மறுப்பு. ஜப்பானிய நீதி அமைச்சகம் 2016இல் வெளிநாட்டவரிடம் நடத்திய கணக்கெடுப்பில், வீடு தேடியவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். அது அநியாயம்தான், ஆனால் அக்டோபருக்குள் வீடு வேண்டுமென்றால் அந்த உரிமையாளரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, அடுத்த வீட்டுக்குப் போய்விடுவதே நல்லது.

இரண்டாவது மறுப்பைச் சரிசெய்ய முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. பத்து மாதம் மீதமிருக்கும் கார்டை மட்டும் வைத்து ஹோஷோ கைஷா மறுப்பது அரிது. மூன்று மாதத்திற்கும் குறைவாக இருந்தால் தயங்குவார்கள். வழக்கமாக அவர்கள் பார்ப்பது மூன்று: ஆண்டு வருமானத்தில் வாடகை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறதா, அவசரத் தொடர்பாளர் ஜப்பானுக்குள் இருக்கிறாரா, உறுதிப்படுத்தத் தொலைபேசியில் அழைத்தால் நீங்களும் அலுவலகமும் எடுக்கிறீர்களா. ஆகவே விண்ணப்பத்தாளில் நென்ஷூ, அதாவது ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில் எவ்வளவு எழுதினீர்கள், அவசரத் தொடர்பாளராக யாரைக் குறிப்பிட்டீர்கள், அந்த மூன்று நாள்களில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு ஏதும் வந்ததா என்பதைச் சொல்லுங்கள்.

கொங்குவேள்

மிக்க நன்றி, அக்கா. கையில் வருவது மாதம் ஏறத்தாழ 2,50,000 என்பதால், பன்னிரண்டால் பெருக்கி 30,00,000 என்று எழுதினேன். பிடித்தத்திற்கு முந்தைய சம்பளம் 3,10,000. அதுபோக, கோடை, குளிர்காலப் போனஸ் இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 6,00,000 வரும். அவசரத் தொடர்பாளராக ஈரோட்டில் உள்ள அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். தெரியாத எண்ணிலிருந்து இரண்டு அழைப்புகள் வந்தன. விளம்பரம் என நினைத்து எடுக்கவில்லை.

வைகைக்கரை

கேட்ட மூன்றிலுமே கோளாறு இருந்திருக்கிறது! அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது வரிக்கும் காப்பீட்டுக்கும் பிடிப்பதற்கு முந்தைய தொகை, போனஸும் சேர்த்து. உங்கள் கணக்கில் அது 43,20,000. மூன்றாவது வீட்டை வைத்துப் பார்த்தால், பராமரிப்புக் கட்டணத்தோடு ஆண்டு வாடகை 14,16,000 ஆகிறது. 30,00,000 என்று எழுதினால் வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி, 43,20,000 என்று எழுதினால் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் கீழே. நம்மவர்கள் பலர் கைக்கு வருவதையே சம்பளம் என்று சொல்லிப் பழகியவர்கள். இந்த ஒரு கட்டத்தில் விழுந்த விண்ணப்பங்களை நானே நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவசரத் தொடர்பாளர் என்பவர் பிணையாளர் அல்லர். வாடகை நிலுவையானால் அவர் ஒரு யென்கூடக் கட்ட வேண்டியதில்லை. உங்களைத் தொடர்புகொள்ள முடியாதபோது அவரிடம் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆகையால் ஜப்பானிய மொழியில் ஓரளவு பேசக்கூடிய உடன்பணியாளர் ஒருவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஆனால் "ரென்தாய் ஹோஷோனின்" என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்திடும்படி அவரிடம் சொன்னால் அது வேறு விஷயம். அது முழுக் கடன் பொறுப்பு. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத் திருத்தத்திற்குப் பிறகு, தனிநபர் பிணைக்கு உச்சவரம்புத் தொகையை ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் அந்தப் பிணையே செல்லாது.

ஒரு ஹோஷோ கைஷா மறுத்ததால் எல்லாமே மறுக்கும் என்று பொருளில்லை. கடன் அட்டை நிறுவனங்களைச் சேர்ந்தவை உங்கள் அட்டை வரலாற்றைப் பார்க்கும். சில நிறுவனங்கள் கூட்டாக வாடகை நிலுவை விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும். தனித்து இயங்குபவை தங்கள் சொந்தப் பதிவை மட்டும் பார்க்கும். நாட்டுக்குப் புதிதாக வந்தவருக்கு எந்த வரலாறும் இல்லாததே முதல் வகையில் பாதகமாகிவிடும். அந்த வீட்டிற்கு எந்த நிறுவனம் என்று முகவரிடம் கேட்டு, தனித்து இயங்கும் நிறுவனம் ஒன்றிற்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள்.

அந்த 50,000 யென்னைப் பற்றி: ஒப்பந்தம் நிறைவேறாதபோது விண்ணப்ப முன்பணத்தைத் திருப்பித்தர மறுப்பது வீட்டுமுகவர் தொழிலுக்கான சட்ட விதிகளின்படி தடைசெய்யப்பட்டது. அடுத்த வீட்டிற்குக் கழிப்பேன் என்பதும் மறுப்புதான். மின்னஞ்சலில் எழுத்தாகக் கேளுங்கள். தராவிட்டால், உரிமம் வழங்கிய டோக்கியோ பெருநகர அரசின் வீட்டுமுகவர் பிரிவில் முறையிடப் போவதாக ஒரு வரி சேர்த்தால் போதும்.

பழைய கசாய் (மறுமொழி)

தம்பி, ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். குடும்பத்தோடு வருபவர் தெய்கி ஷாகுயாவில் கையெழுத்திடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரண வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு முடிந்தாலும் உரிமையாளர் உங்களை வெளியேற்றத் தக்க காரணம் காட்ட வேண்டும். நீங்கள் ஒழுங்காக வாடகை கட்டிக்கொண்டிருந்தால் அது அவருக்கு எளிதன்று. தெய்கி ஷாகுயாவிலோ குறித்த நாளில் ஒப்பந்தம் அற்றுவிடும். அவர் விரும்பினால் புதிதாக ஒப்பந்தம் போடலாம், விரும்பாவிட்டால் நீங்கள் வெளியேற வேண்டும். அப்போது மகளுக்கு ஏழு வயது. பள்ளியில் சேர்ந்து தோழிகளும் ஆகியிருப்பாள். அதிலும், திரும்பி வராத ரெய்கினை இரண்டு மாதம் கொடுத்து, இரண்டே ஆண்டு தங்குவது எனக்கு ஏற்கவில்லை.

இந்த வகை ஒப்பந்தம் 2000 மார்ச்சிலிருந்து நடப்பில் இருக்கிறது. "புதுப்பித்தல் கிடையாது" என்பதை ஒப்பந்தத்திற்கு முன்பே தனித்தாளில் எழுதிக் கொடுத்து விளக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அந்த நிபந்தனை செல்லாது. ஓராண்டோ அதற்கு மேலோ உள்ள ஒப்பந்தமானால், முடிவதற்கு ஓராண்டு முதல் ஆறு மாதம் முன்னதாக உரிமையாளர் அறிவிக்கவும் வேண்டும். வேறு வழியே இல்லாமல் கையெழுத்திட்டால் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டுத் தாளில் கிருமிநீக்கமும் 24 மணிநேரச் சேவையும் பெரும்பாலும் விருப்பத்தின் பேரிலானவை. வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். முகவர் கட்டணத்தில் வாடகையாளர் பங்கு விதிப்படி அரை மாதம்தான். முழு மாதம் வாங்க வேண்டுமென்றால், வேலையை ஏற்கும்போதே உங்கள் சம்மதத்தைப் பெற்றிருக்க வேண்டும். அப்படி எதற்கும் சம்மதிக்கவில்லையென்றால் 60,500 யென் குறையும். மூன்றும் சேர்ந்தால் 93,500. பூட்டு மாற்றுவதை உரிமையாளர் ஏற்பதே முறை என்று நிலம், போக்குவரத்து அமைச்சகத்தின் வழிகாட்டி சொன்னாலும், நடைமுறையில் பலர் விட்டுக்கொடுப்பதில்லை. அதற்காக ஒரு நல்ல வீட்டை இழக்க வேண்டாம்.

ஆனால் இவ்வளவு பேரத்திற்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன்: யூஆர், அதாவது அரசு சார்ந்த வீட்டுவசதி முகமை வாடகைக்கு விடும் வீடுகளை ஏன் பார்க்கவில்லை? நான் 2009இல் வந்தபோது என்னையும் ஒரு முகவர் இப்படித்தான் அலைக்கழித்தார். நிஷிகசாய் நிலையத்தருகே கோஜிமாச்சோ 2-சோமே குடியிருப்பில் நம் நாட்டவர் இத்தனை பேர் இருப்பதற்குக் காரணமே, அது யூஆர் நடத்துவது என்பதுதான். ரெய்கின் இல்லை, முகவர் கட்டணம் இல்லை, பிணையாளரோ ஹோஷோ கைஷாவோ வேண்டாம், இரண்டு ஆண்டுக்கொரு முறை ஒரு மாத வாடகையைப் பிடுங்கும் கோஷின்ரியோ என்ற புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை. ஷிகிகின் மட்டும் இரண்டு மாதம். நடுத்தர, நீண்டகாலத் தங்கல் உரிமைக்கான ஜைரியூ கார்டு இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

நிபந்தனை வருமானம்தான். வாடகை 82,500 முதல் 2,00,000 யென்னுக்குள் இருந்தால், குடும்பத்திற்குச் சராசரி மாத வருமானம் 3,30,000 யென் இருக்க வேண்டும். தனியாள் என்றால் 2,50,000. இங்கேயும் பிடித்தத்திற்கு முந்தைய ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுக்கிறார்கள். உங்களுக்கு 3,60,000 வருகிறது. இரண்டு அளவுகோலிலும் தேறிவிடுவீர்கள். குறை என்னவென்றால், முந்தி வருபவருக்கே வீடு. காலியானால் இணையதளத்தில் காலையில் தெரியும், மதியத்திற்குள் போய்விடும். கட்டடங்களும் சற்றுப் பழையவை. எங்கள் கட்டடத்தில் சில தளங்களில் மட்டும்தான் மின்தூக்கி நிற்கும். அரிசி மூட்டையோடு ஒரு தளம் படியேற வேண்டியிருக்கும்.

கொங்குவேள் (மூன்று வாரம் கழித்து)

இருவருக்கும் நன்றி. தெய்கி ஷாகுயா வீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். முன்பணத்தைக் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு நான்கு நாள் பதிலே இல்லை. முறையீடு பற்றிய வரியைச் சேர்த்து மறுபடி அனுப்பியதும் மறுநாளே 50,000 யென் கணக்கில் வந்துவிட்டது.

கோஜிமாச்சோவில் எதுவும் காலியாகவில்லை. தினமும் காலை ஒன்பதரை மணிக்கு இணையதளத்தைத் திறந்து பார்த்து, பன்னிரண்டாம் நாள் கசாய் கிளீன் டவுன் என்ற யூஆர் குடியிருப்பில் ஒரு வீட்டைப் பிடித்தேன். வாடகை 1,24,000, ஷிகிகின் 2,48,000, அதுபோக மீதி நாள்களுக்கான வாடகை. முந்தைய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் பாதிகூட ஆகவில்லை. குடும்பம் பின்னர் வரும் என்பதை விண்ணப்பிக்கும்போதே அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். வரும் சனிக்கிழமை சாவி தருகிறார்கள். அதற்குள் நான் செய்ய வேண்டியது ஏதேனும் விடுபட்டிருக்கிறதா?

வைகைக்கரை

வாழ்த்துகள். கமாத்தா ஓத்தா வட்டத்தில் வருவதால், முதலில் அங்கே வெளியேறும் பதிவைச் செய்து சான்று வாங்கிக்கொண்டு, குடியேறிய 14 நாள்களுக்குள் எடோகாவா வட்ட அலுவலகத்தில் ஜைரியூ கார்டோடு முகவரியைப் பதியுங்கள். மனைவியும் மகளும் விமான நிலையத்தில் கார்டு பெற்ற பிறகு அவர்களுக்கும் அதே 14 நாள்தான். உறவைக் காட்டத் திருமணச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் ஜப்பானிய மொழிபெயர்ப்போடு கொண்டு போங்கள்; மொழிபெயர்ப்பு இல்லாமல் திரும்பி வந்த குடும்பங்கள் உண்டு.

எரிவாயுவைத் திறந்துவிட ஆள் வரும்போது நீங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும். சனிக்கிழமை வேண்டுமென்றால் இன்றே அழைத்து நேரம் வாங்குங்கள். சாவி கிடைத்ததும், ஒரு பெட்டியைக்கூட உள்ளே வைப்பதற்கு முன், சுவர்த்தாள், தரை, குளியலறை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். சாதாரணப் பயன்பாட்டால் வரும் தேய்மானத்திற்கு நீங்கள் பொறுப்பில்லை என்று சட்டம் சொல்கிறது. சுவர்த்தாளின் மதிப்பு ஆறு ஆண்டில் ஒரு யென்னாகக் குறைந்துவிடும் என்று அமைச்சக வழிகாட்டியும் சொல்கிறது. ஆனாலும் இந்தக் கீறல் முன்பே இருந்தது என்பதைக் காட்ட உங்களிடம் படம் இருக்க வேண்டும். சமையல் எண்ணெய்ப் பிசுக்கு தேய்மானமாகக் கணக்கில் வராது, ஆகையால் தாளிக்கும்போது காற்றுப்போக்கியை ஓடவிடுங்கள்.

பழைய கசாய்

தம்பி, அறைகளில் விளக்கே இருக்காது. கூரையில் மாட்டும் கொக்கி மட்டும்தான் இருக்கும். சனிக்கிழமை மாலை இருட்டில் உட்காராமல் இருக்க, ஒரு கூரை விளக்காவது முன்கூட்டி வாங்கிவிடுங்கள். திரைச்சீலைக்கு ஜன்னல் அளவைச் சாவி வாங்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.