கடலூரில் ஆர்சி டிரிஃப்ட் கார்: எந்த சேஸி, எந்த எலக்ட்ரானிக்ஸ்?

மஞ்சக்குப்பம்_ஆர்சி:
வணக்கம். 1/10 அளவில் பின்சக்கர டிரைவ் ஆர்சி டிரிஃப்ட் கார் (ரிமோட்டில் ஓடும், பக்கவாட்டில் வழுக்கித் திரும்பும் கார்) கட்ட ஆசை. இதுவரை ஓட்டியதெல்லாம் ஆஃப்ரோடு பக்கி, அதுவும் சில்வர் பீச் மணலில். சேஸிக்கு (காரின் அடிச்சட்டம்) கடையில் டமியா டிடி-02டி எடுக்கச் சொல்கிறார்கள், நண்பர் எம்எஸ்டி ஆர்எம்எக்ஸ் 2.0தான் என்று அடித்துச் சொல்கிறார், யூட்யூபைத் திறந்தால் எல்லாம் யோகோமோ ஒய்டி-2. ஓட்டப்போவது அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், வழவழப்பான சிமெண்ட் தரை. பணத்தை சேஸியில் போட்டுவிட்டு எலக்ட்ரானிக்ஸை மலிவாக முடிக்கலாமா? பக்கியில் இருக்கும் சர்வோவையே (முன்சக்கரத்தைத் திருப்பும் மோட்டார்) கழற்றி மாட்டலாமா?

லாஸ்பேட்டை_டிரிஃப்ட்:
சேஸியில் மிச்சம் பிடியுங்கள், சர்வோவிலும் கைரோவிலும் பிடிக்காதீர்கள். பின்சக்கர டிரைவில் பின்பக்கம் எந்த நேரமும் வெட்டிக்கொண்டு போகும், அந்த வேகத்துக்கு நம் விரல் ஈடுகொடுக்காது, கார் திரும்புவதை கைரோ உணர்ந்து சர்வோவை எதிர்ப்பக்கம் ஒடிக்கிறது. அதனால் சர்வோவுக்கு ஒரு நொடி ஓய்வில்லை. பக்கி சர்வோவுக்கு இழுவை இருக்கும், வேகம் இருக்காது, சூடாகிப் படுத்துவிடும். 60 டிகிரிக்கு 0.10 நொடியோ அதற்குக் கீழேயோ உள்ள டிஜிட்டல் சர்வோ பாருங்கள், லோ-புரொஃபைல் என்றால் இடத்துக்கும் சிரமமில்லை.

சேஸிக்கு ஆர்எம்எக்ஸ் 2.0 அல்லது 3ரேசிங் சகுரா டி5, சாதாரண பிளாஸ்டிக் கிட் போதும். அலுமினியம், கார்பன் எல்லாம் பிறகு பார்க்கலாம். மோட்டார் 10.5 டர்ன் (கம்பிச் சுற்று) சென்சார்டு பிரஷ்லெஸ், அதற்கேற்ற சென்சார்டு ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி). சென்சார் இல்லாத மோட்டார் மெதுவான வேகத்தில் திக்கித் திக்கிக் கிளம்பும். டிரிஃப்டில் அந்த மெதுவான வேகத்தில்தான் மொத்த வேலையும்.

வில்லியனூர்_காரன்:
டிடி-02டியை அப்படியே ஒதுக்க வேண்டாம். நாலு சக்கரமும் ஷாஃப்டில் சுற்றுவதால் கைரோ இல்லாமலே வழுக்கும், வீட்டில் சின்னப் பிள்ளைகளும் ஓட்டுவார்கள் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் முன்சக்கரமே காரை இழுத்து நேராக்கிவிடும். அந்தப் பழக்கத்தோடு பின்சக்கர டிரைவுக்கு வந்தால் கை முதலிலிருந்து கற்க வேண்டும். உங்கள் ஆசை பின்சக்கரம்தான் என்றால் நேராக அதிலேயே இறங்குங்கள்.

டயரை யாரும் சொல்லவில்லையே? டிரிஃப்ட் டயர் ரப்பர் இல்லை, கெட்டி பிளாஸ்டிக். தரைக்குத் தரை பிடிப்பு மாறும், கார்ப்பெட்டுக்கு ஒன்று, சிமெண்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். சிமெண்டுக்கு உரியதை வாங்கி, ஓட்டும் முன் தரையைக் கூட்டிவிடுங்கள், மெல்லிய மணல் கிடந்தாலே கார் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

மஞ்சக்குப்பம்_ஆர்சி:
ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். அப்போ ஆர்எம்எக்ஸ் என்று முடிவு. என் பழைய ரிமோட் 2 சேனல் (ஸ்டீயரிங், ஆக்சிலேட்டர் மட்டும்), அது போதுமா? கைரோ சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

லாஸ்பேட்டை_டிரிஃப்ட்:
2 சேனலிலும் ஓடும், ஆனால் கைரோவின் கெயினை (எவ்வளவு பலமாக எதிர்ப்பக்கம் ஒடிக்கிறது என்ற அளவு) காரிலேயே திருக வேண்டும். 3 சேனல் இருந்தால் ஓட்டிக்கொண்டே கையிலிருந்து மாற்றலாம். ஃப்ளைஸ்கை ஜிடி5 பாருங்கள், 6 சேனல்.

சோதிப்பது சுலபம். ஆன் செய்து காரைக் கையில் தூக்கி, மூக்கை வெடுக்கென்று வலப்பக்கம் திருப்புங்கள், முன்சக்கரம் இடப்பக்கம் ஒடிய வேண்டும். மாறி ஒடிந்தால் கைரோவில் ரிவர்ஸ் செய்யுங்கள், ரிமோட்டில் அல்ல. அப்புறம் நேராக ஓட்டும்போது முன்சக்கரம் படபடவென்று நடுங்கினால் கெயின் அதிகம், நடுக்கம் நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

வில்லியனூர்_காரன்:
பேட்டரி 2எஸ் லிப்போ (இரண்டு செல் லித்தியம் பாலிமர்), ஷார்ட்டி எனும் குட்டை சைஸ். ஈஎஸ்சியில் லிப்போ கட்ஆஃப் (வோல்டேஜ் ரொம்ப இறங்கும் முன் நிறுத்துவது) போட்டுவிடுங்கள், ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள், வெயிலில் நிற்கும் வண்டி டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள். கடல்காற்றுக்கு பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும், ஓட்டி முடித்ததும் பிரஷ்ஷால் தட்டி ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.