டாக்டர் சீட்டில்லாமல் கிடைக்கும் அடாபலீன் ஜெல்: 14 வயதுப் பையனுக்குப் போடலாமா?

தேன்மொழி_பிளேனோ
டெக்சஸில், பிளேனோவில் இருக்கிறோம். மகனுக்கு 14 வயது. நெற்றியிலும் கன்னத்திலும் வெள்ளையும் கருப்புமாகப் பொடிப்பொடியாகப் பரு, நடுநடுவே சிவந்தவை. தோல் டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறார்கள். அதற்குள் நண்பன் சொன்னான் என்று இவனே டிஃபரின் ஜெல் (அடாபலீன் 0.1%) வாங்கி வந்துவிட்டான். டூத்பேஸ்ட் பக்கத்து அலமாரியில் இருந்ததாம்! பரு இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைக்கிறான். ஏற்கெனவே பென்சாயில் பெராக்சைடு ஃபேஸ்வாஷ் வேறு. மாமியார் ஃபோனில், "அந்தக் கண்றாவியெல்லாம் வேண்டாம், கடலை மாவு போடு" என்கிறார். இன்னொரு விஷயம், மாசமாக இருக்கும் என் தங்கை வந்திருக்கிறாள், அவளும் நேற்று கொஞ்சம் எடுத்துத் தடவிக்கொண்டாள். பயமாக இருக்கிறது.

ராகவன்67
கற்றாழை போதும். என் பையனுக்கு காலேஜ் முடிவதற்குள் தானாகவே போய்விட்டது.

எடிசன்_பார்மசிஸ்ட்
நியூ ஜெர்சியில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். முதலில் தங்கை விஷயம். அவர் இனி போட வேண்டாம், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது சொல்லிவிடட்டும். தோல் வழியாக உடம்புக்குள் போவது மிகக் குறைவு, அதனால் நேற்றுத் தடவியதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, பையன். 1996லிருந்து இங்கே சீட்டு மருந்தாக இருந்ததுதான் இது. 2016இல்தான் எஃப்டிஏ (அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) 0.1% ஜெல்லைச் சீட்டில்லாமல் விற்க அனுமதித்தது, 12 வயது முதல் போடலாம். ஆனால் பொட்டு வைப்பது வீண் வேலை. இது வந்த பருவைக் காயவைக்கும் மருந்து இல்லை. தோலின் துவாரங்களில் செத்த செல்கள் சேர்ந்து அடைத்துக்கொள்வதைத் தடுப்பது. நாளைக்கு வரப்போகும் பரு இன்று கண்ணுக்குத் தெரியாதே, அதனால் பரு வரும் பகுதி முழுக்க மெல்லிசாகப் பரப்ப வேண்டும். முகம் முழுவதற்கும் சேர்த்துப் பட்டாணி அளவு போதும். இரவில், முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு. கண், உதடு, மூக்கு ஓரம் வேண்டாம். வெட்டுப்பட்ட, வெயிலில் வெந்த தோலிலும் வேண்டாம்.

லேபிளில் தினம் ஒரு வேளை என்று இருக்கும். நான் கவுண்டரில் சொல்வது: ஆரம்பத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், மேலே வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், எரிச்சல் பழகியதும் தினமும். ரொம்ப எரிந்தால் மாய்ஸ்சரைசரை முதலில் தடவி அதன்மேல் ஜெல். சீக்கிரம் போகட்டும் என்று காலையும் மாலையும் அப்பிக்கொள்ளும் பையன்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மருந்து அதனால் வேகமாக வேலை செய்யாது, தோல்தான் உரியும். நம் மாநிறத் தோலில் எரிச்சலே கருந்திட்டாக மாறிவிடும். பரு போயிருக்கும், திட்டு மாதக்கணக்கில் நிற்கும். கடலை மாவையும் இப்போதைக்கு நான் வேண்டாம் என்பது அதனால்தான். மாவில் குற்றமில்லை, தேய்ப்பதுதான் பிரச்சினை.

பென்சாயில் பெராக்சைடும் அடாபலீனும் ஒத்துப்போகும், இரண்டையும் ஒரே ட்யூபில் கலந்தே சீட்டு மருந்தாகத் தருகிறார்கள். ஆனால் இரண்டும் தோலை வறட்டும். முதல் சில வாரம் ஃபேஸ்வாஷை நிறுத்திவிட்டு, பிறகு காலையில் மட்டும் போடட்டும். துண்டு வெள்ளையாக இருக்கட்டும், கலர் துண்டு வெளுத்துவிடும்.

மீனா_எம்எஸ்
நானும் போடுகிறேன். வாய் ஓரமும் மூக்கு மடிப்பும்தான் எனக்கு எரியும். ஜெல்லுக்கு முன்னால் அங்கே மட்டும் வாசலின் தடவிக்கொண்டால் தொந்தரவில்லை. அப்புறம் மேலுதட்டில் வேக்ஸிங் பண்ணாதீர்கள், தோலோடு வந்துவிடும்.

தேன்மொழி_பிளேனோ
ரொம்ப நன்றி. இவன் பள்ளி நீச்சல் அணியில் இருக்கிறான், வெளிக்குளம். பரவாயில்லையா? எத்தனை நாளில் தெரியும்? மாமியார் ஊரிலிருந்து "நல்ல முகக் கிரீம்" ஒன்று கொடுத்தனுப்புகிறாராம்.

எடிசன்_பார்மசிஸ்ட்
நீந்தலாம். குளோரின் தோலை வறட்டும், ஏறியதும் குளித்து மாய்ஸ்சரைசர் போடச் சொல்லுங்கள். அடாபலீன் ரெட்டினாய்டு வகை மருந்து, அதைப் போடும்போது வெயில் சீக்கிரம் சுடும், அதுவும் டெக்சஸ் வெயில். தண்ணீருக்குத் தாங்கும் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் போட்டு, நீந்தும் நாட்களில் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

முதல் சில வாரங்களில் பரு கூடினதுபோலத் தெரியலாம், அங்கேதான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். முழுப் பலன் தெரிய 12 வாரம் வரை ஆகும். முகம் வீங்கினால், கொப்புளம் வந்தால் அன்றே நிறுத்துங்கள்.

மாமியார் கிரீமைப் பிரிக்காமல் வையுங்கள், மூலப்பொருள் பட்டியலைப் படமெடுத்து இங்கே போடுங்கள். அப்படி வரும் சிவப்பழகுக் கிரீம்கள் சிலவற்றில் பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்று ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் முகம் பளபளக்கும், தொடர்ந்து போட்டால் அதுவே பருவைக் கிளப்பும், தோலையும் மெலிய வைக்கும்.

டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை மட்டும் ரத்து செய்யாதீர்கள். இடையில் ஆழமான, வலிக்கிற கட்டி வந்தாலோ, குழி விழ ஆரம்பித்தாலோ, அந்தத் தேதிவரை காத்திருக்காமல் குழந்தைகள் டாக்டரிடம் காட்டி முன்கூட்டியே நேரம் வாங்கித் தரச் சொல்லுங்கள்.