திருக்கை வலையில் ஆவுளியா (கடல்பசு) மாட்டினால் எப்படி விடுவிப்பது? பிங்கர் வாங்கலாமா? அறுத்த வலைக்குக் காசு உண்டா?

கேள்வி: கீழைக்கரைவாசி

பாக் விரிகுடா, தஞ்சாவூர் மாவட்டக் கரை. எங்கள் ஊரில் சில பைபர் படகுகள் திருக்கை வலை போடுகின்றன. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பைக் கடல்பசு பாதுகாப்பகம் என்று அரசு அறிவித்தபின், வலையில் ஆவுளியா மாட்டினால் என்ன செய்வது என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. சங்கத்தில் ஒரு பக்கத் தாள் அடித்து எல்லாப் படகிலும் ஒட்டப் போகிறோம். அதற்குத் தெரிய வேண்டியவை: உயிரோடு மாட்டியதை எப்படி விடுவது? ஓங்கில் (டால்பின்) வராமல் இருக்க ஒலி எழுப்பும் பிங்கர் கருவி ஆவுளியாவுக்கும் உதவுமா? வலையை அறுத்துவிட்டால் நஷ்டத்துக்கு வழி உண்டா? மேடைப்பேச்சு வேண்டாம், படகில் நிற்பவனுக்குப் பயன்படுகிற மாதிரி சொல்லுங்கள்.

பதில் 1: தாழைமேடு

முதலில் நேரக் கணக்கு. ஆவுளியா மீன் அல்ல, நுரையீரலால் மூச்சு விடுவது. சாதாரணமாக மூன்று முதல் ஆறு நிமிடம்தான் மூழ்கும், பத்து நிமிடத்தைத் தாண்டுவது அபூர்வம். வலையில் திமிறும்போது மூச்சு இன்னும் சீக்கிரம் தீரும். அதனால் உயிரோடு கிடைப்பது பெரும்பாலும் வலையைத் தூக்கிக்கொண்டே மேலே வர முடிந்ததாகவோ, வலை வாங்கும் நேரத்தில் மாட்டியதாகவோ இருக்கும்.

கண்டவுடன் இன்ஜினை நியூட்ரலில் போட்டு, அவுட்போர்டு என்றால் விசிறியைத் தூக்கிவிடுங்கள். பக்கவாட்டில் நெருங்கி, ஒருவர் மேல் கயிற்றைப் பிடித்து மெதுவாக உயர்த்த வேண்டும். மூக்கு நீர்மட்டத்துக்கு மேலே வந்தால் போதும், உடம்பு தண்ணீரிலேயே மிதக்கட்டும். நாசித்துளை இரண்டும் முகவாயின் மேல் முனையில் இருக்கும், வால்வு போல மூடித் திறக்கும். ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் இடையே இரண்டு மூன்று நிமிடம் போகலாம். அசையவில்லை என்று உடனே செத்ததாக முடிவு கட்டாதீர்கள். வயிறு கீழே, மூக்கு மேலே இருக்கும்படி தாங்கிக் காத்திருங்கள்.

அடுத்து அறுப்பது. முனை மழுங்கிய, உள்பக்கம் வெட்டும் வளைந்த கத்தி வேண்டும். கூர்முனைக் கத்தி தோலைக் கிழிக்கும், திமிறினால் உங்கள் கையையும் கிழிக்கும். முதலில் தலை, கழுத்துப் பக்கம், பிறகு முன் துடுப்பு இரண்டின் அடி, கடைசியில் வால். வாலை முதலில் அவிழ்த்தால் மீதி வலையைச் சுமந்துகொண்டே ஓடிவிடும், அப்புறம் அதைக் காப்பாற்ற ஆளில்லை. அறுத்த துண்டு எதுவும் உடம்பில் சுற்றியிருக்கக் கூடாது. துடுப்படியில் ஒரே ஒரு கண்ணி நூல் தங்கினாலும் வளர வளர இறுகும்.

செய்யக் கூடாதது இரண்டு. வாலில் கயிறு கட்டி இழுப்பது: தலை தண்ணீருக்குள் போய் மூச்சு முட்டும். படகில் ஏற்றுவது: வளர்ந்தது 250 முதல் 400 கிலோ வரை வரும், தண்ணீரை விட்டு எடுத்தால் அதன் எடையே நெஞ்சை அழுத்தும், விடுதலை ஆனபிறகும் தசை கெட்டுச் சாகலாம். ஆள் தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வால் பக்கம் நிற்க வேண்டாம்.

குட்டி பக்கத்திலேயே சுற்றினால் பிடித்துத் தனியே வைக்காதீர்கள். ஒன்றரை வருடம் வரை பால் குடிக்கும், தாயோடு போனால்தான் பிழைக்கும்.

பதில் 2: நீர்மூழ்கி

பிங்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் மோர்டன் விரிகுடாவில் ஆவுளியாக் கூட்டத்தின் பக்கத்தில் பிங்கரை ஒலிக்கவிட்டு வான்வழியாகப் படமெடுத்துப் பார்த்தார்கள். அவை விலகிப் போகவில்லை, மேய்ச்சலும் நிற்கவில்லை. பிங்கரால் பலன் கண்டது குளிர்கடல் சிற்றோங்கில்களிடம் (போர்பாய்ஸ்). அங்கேயும் ஏறத்தாழ நூறு மீட்டருக்கு ஒன்று கட்ட வேண்டும், பேட்டரி செத்தால் வலையில் ஓட்டை விட்ட மாதிரி. நம் பக்கத்து ஓங்கிலுக்கு இன்னொரு சிக்கலும் வரலாம்: சத்தம் கேட்ட இடத்தில் மீன் சிக்கியிருக்கிறது என்று பழகிவிட்டால், அதுவே சாப்பாட்டு மணி.

அரபிக்கடலில் சூரை வலைகளை நீர்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் கீழே இறக்கிப் போட்டுப் பாகிஸ்தானில் ஓங்கில் மாட்டுவதைக் குறைத்தார்கள். அது மிதவை வலைக்கான வழி. தரையில் கிடக்கும் திருக்கை வலைக்கு அதை எடுத்துப் பொருத்த முடியாது.

"வலையை அடிக்கடி பார்த்தால் போதும்" என்று சிலர் சொல்வார்கள். ஆமைக்கு அது ஓரளவு பொருந்தும். ஆறு நிமிடத்தில் மூச்சு முட்டும் பிராணிக்கு இரண்டு மணிக்கொருமுறை வலை பார்த்து என்ன பயன்? ஆவுளியா விஷயத்தில் வலை எங்கே கிடக்கிறது என்பதுதான் கேள்வி. உங்கள் தாளில் முதல் வரியாக அதைப் போடுங்கள்.

பதில் 3: தாழைமேடு

நீர்மூழ்கி சொன்னதோடு சேர்த்து, இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி. ஆவுளியாவின் தீனி கடல்புல், நம்மூரில் கடல் தாழை. வளர்ந்தது ஒன்று ஒரு நாளைக்கு 30, 40 கிலோ தின்னும். வேரோடு பிடுங்கித் தின்பதால் தரையில் ஒரு சாண் அகலத்துக்கு, மீட்டர் கணக்கில் நீளமான மொட்டைத் தடம் விழும். தண்ணீர் தெளிந்த நாளில் படகிலிருந்தே தெரியும். பிடுங்கின புல் மிதப்பதும் குதிரைச் சாணம் போன்ற உருண்டை மிதப்பதும் அடையாளம். உடம்பைத் தேடினால் பார்க்க முடியாது. மூக்கு நுனி மட்டும் ஓரிரு விநாடி மேலே வந்துவிட்டுப் போய்விடும்.

தண்ணீர் கலங்கியிருந்தால் பழைய முறைதான்: ஈயக்குண்டின் அடியில் சோப்போ கிரீஸோ தடவி இறக்குங்கள். மணல் ஒட்டினால் மணல் தரை. புல் இழை ஒட்டினாலோ நங்கூரத்தோடு தாழை வந்தாலோ அது மேய்ச்சல் நிலம். அந்த இடத்தை ஜி.பி.எஸ்.ஸில் குறித்து, ஊர்ப் படகுகள் எல்லாம் ஒரே வரைபடத்தில் சேருங்கள். சில மாதத்தில் படுகையின் வெளி விளிம்பு கிடைத்துவிடும். திருக்கை மணல், சேற்றுத் தரையிலும் கிடப்பதால் வலையை விளிம்புக்கு வெளியே தள்ளினால் தொழில் நின்றுவிடாது, எரிபொருள் கொஞ்சம் கூடும்.

ஏன் திருக்கை வலை மட்டும் இத்தனை ஆபத்து? கண்ணி பெரிது, துடுப்பும் தலையும் உள்ளே போகும். நூல் தடிமன், அறுத்துக்கொண்டு வெளியேற முடியாது. நண்டு வலையின் மெல்லிய நூலில் அந்த அளவுக்குப் பிடிப்பு இல்லை.

பதில் 4: நாட்டுப்படகு

எல்லாச் சுமையையும் திருக்கை வலைக்காரன் தலையில் ஏற்றாதீர்கள். 1983 மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி விசைப்படகு கரையோரத்தில் வகுத்த எல்லைக்கு வெளியேதான் இழுக்க வேண்டும். இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டை மடிக்குத் தடை. பாக் விரிகுடாவில் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று பழைய ஏற்பாடும் இருக்கிறது. இதையெல்லாம் மீறிக் கரைக்கு உள்ளே ஒரு இழுவை மடி போனால் தாழை வேரோடு உருண்டு வரும். அந்தத் தரை தேறப் பல வருடம் ஆகும். மேய்ச்சல் அழிந்த இடத்தில் ஆவுளியா இருக்காது, வலையில் மாட்டவும் மாட்டாது. அதைப் பாதுகாப்பு என்று கணக்கெழுதிவிடக் கூடாது.

பதில் 5: நீர்மூழ்கி

நாட்டுப்படகு சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இழுவை மடியும் திருக்கை வலையும் வேறு வேறு வேகத்தில் கொல்கின்றன. ஆவுளியா பதின்மூன்று பதினான்கு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். இரண்டரை முதல் ஏழு வருடத்துக்கு ஒருமுறைதான் அடுத்தது. எல்லாம் நன்றாக இருந்தாலே கூட்டம் வருடத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் பெருகாது. நூறு வளர்ந்த பெண் இருக்கும் கடலில் மனிதனால் வருடத்துக்கு ஒன்றிரண்டு பெண் செத்தாலே கூட்டம் தாங்கும் எல்லை வந்துவிடும். பாக் விரிகுடாவில் கைவசம் இருப்பது சிறிய கூட்டம். மடி தரையைக் கெடுப்பது மெதுவாக, வலை கொல்வது அன்றைக்கே.

குயின்ஸ்லாந்தில் 1997 முதல் ஆவுளியாப் பாதுகாப்பு மண்டலங்கள் அறிவித்துச் சில விரிகுடாக்களில் செவுள் வலையையே நிறுத்தினார்கள். அங்கே அது அரசு உத்தரவாக வந்தது. நம்மூரில் படுகைக்கு மேல் வலை இல்லை என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டால் அதைவிட உறுதியாக நிற்கும் என்பது என் எண்ணம். பாதுகாப்பகம் என்பது மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா போல மொத்தமாக அடைப்பது அல்ல, அதனால் இதில் ஊர் பேசுவதற்கு இடம் இருக்கிறது.

கீழைக்கரைவாசி:

நன்றி. நஷ்டம் பற்றி யாரும் சொல்லவில்லையே? செத்து மாட்டினால் வழக்கு வருமோ என்று பயந்து சத்தமில்லாமல் இறக்கிவிடுகிறார்கள் என்பதும் உண்மை.

பதில் 6: தாழைமேடு

மகாராஷ்டிரத்தில் 2018 முதல் திட்டமே இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட கடல் உயிரை வலையை அறுத்து விட்டால் 25,000 ரூபாய் வரை கொடுக்கிறார்கள், படமோ வீடியோவோ சான்று. குஜராத்தில் திமிங்கலச் சுறாவுக்கும் மீனவர்களே படமெடுத்துக் காட்டும் முறை நடக்கிறது. தமிழ்நாட்டில் ஆவுளியாவை விடுவித்தவர்களுக்கு வனத்துறை பரிசுத் தொகை கொடுத்து வந்திருக்கிறது. அது பாராட்டுப் பரிசு, வலையின் விலைக்கு ஈடு அல்ல. சங்கம் மனு எழுதினால் மகாராஷ்டிர முறையைக் காட்டி, அறுந்த வலைக்கு மீட்டர் கணக்கில் ஈடு கேளுங்கள்.

சான்றுக்கு ஒருவர் ஆரம்பத்திலிருந்தே போனில் எடுக்கட்டும்: வலையில் இருப்பது, அறுப்பது, நீந்திப் போவது, அறுந்த வலையை விரித்துக் காட்டுவது. ஜி.பி.எஸ். திரையையும் ஒரு படம். நேரம், ஆழம் எத்தனை பாகம், கண்ணி அளவு, உத்தேச நீளம், குட்டி உண்டா இல்லையா என்று எழுதி வையுங்கள். படம் எடுப்பதற்காக அதைப் பிடித்து வைத்தால் மட்டும் எல்லாம் கெட்டுவிடும்.

செத்ததை மறைப்பதுதான் வழக்குக்கு வழி. ஆவுளியா வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டைக்கும் இறைச்சி வைத்திருப்பதற்கும் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஏழு வருடச் சிறை. கறியைப் பங்கு போடாமல், வலையோடேயே வைத்து அன்றைக்கே வனத்துறைக்குச் சொல்வது சங்கத்தின் பெயரில் போகட்டும், தனி ஆளின் பெயரில் வேண்டாம். கடலில் இருக்கும்போதே பேச வேண்டுமானால் மாநிலப் போலீஸின் கடலோரக் காவல் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554. தாளில் இந்த இரண்டையும் உங்கள் சரக வனத்துறை எண்ணையும் பெரிதாக அடியுங்கள். தாளை லேமினேட் பண்ணி, கத்தியை அதோடு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். பெட்டிக்குள் போட்ட கத்தி அவசரத்துக்குக் கிடைக்காது.