64 பல்ஸ் போட்டால் எக்ஸ் நிலை மட்டும் சரிவது ஏன்?

கேள்வி
ட்ரான்ஸ்மான் க்யூபிட் (மீகடத்திச் சுற்றில் செய்த குவாண்டம் பிட்), டி1 (ஆற்றலை இழக்க எடுக்கும் நேரம்) 60 மைக்ரோவினாடி. மொத்த நேரத்தை 20 மைக்ரோவினாடியில் நிறுத்திவிட்டு, சிபிஎம்ஜி (இரைச்சலின் விளைவைக் கழிக்கச் சம இடைவெளியில் போடும் 180 டிகிரி பல்ஸ் வரிசை) பல்ஸ் எண்ணிக்கையை மட்டும் கூட்டுகிறேன். எக்ஸ் அச்சில் தொடங்கினால், முழு அளவு 1 என்று கொண்டு, அந்த நிலையில் மிஞ்சுவது: பல்ஸ் இல்லாமல் 0.06, ஒன்றுக்கு 0.64, எட்டுக்கு 0.77. 64-இல் 0.36 ஆகிவிடுகிறது! ஒய் அச்சில் தொடங்கினால் அதே 64-இல் 0.83. பல்ஸ் எல்லாமே ஒய் அச்சில்தான், 30 நானோவினாடி நீளம். இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

பதில் 1
வெளியிலிருந்து இல்லை, உங்க பல்ஸ்லயிருந்தே வருது. ஒய் மேல நிக்கிற நிலையை ஒய் அச்சில் எத்தனை சுத்து சுத்தினாலும் அசையாது. எக்ஸ் நிலைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 180-க்குப் பதிலா 181 டிகிரி சுத்தினா, 64 பல்ஸில் 64 டிகிரி சாயும். அதோட கோசைன் 0.44, 0.83-ஐ அதால பெருக்குங்க, உங்க 0.36 வந்துடும்.

உறுதிப்படுத்த, மொத்த நேரத்தை 3 மைக்ரோவினாடியா சுருக்கி அதே 64 பல்ஸைப் போடுங்க. இரைச்சல்தான் காரணம்னா 1-ஐ ஒட்டி நிக்கணும். அப்பவும் 0.43 பக்கம் வந்தா பல்ஸ் பிழைதான்.

பல்ஸ் வீச்சைத் திருத்த: 90 டிகிரி பல்ஸ் ஒண்ணு, அதே அச்சில் இருபது 180. எல்லாம் சரியா இருந்தா கிளர்நிலையில் இருக்கிற நிகழ்தகவு 0.5. பல்ஸுக்கு ஒரு டிகிரி மிகுந்தா 0.67 காட்டும், வீச்சை 0.55 சதவீதம் குறைங்க.

பதில் 2
வீச்சுத் திருத்தம் நாள்பட நகரும், அதை மட்டும் நம்ப வேண்டாம். எக்ஸ்ஒய்-8-க்கு (எட்டு பல்ஸை இரண்டு அச்சிலும் மாற்றி மாற்றிப் போடும் வரிசை) மாறுங்கள்: எக்ஸ், ஒய், எக்ஸ், ஒய், ஒய், எக்ஸ், ஒய், எக்ஸ். 64 பல்ஸுக்கு எட்டுச் சுற்று. ஒரு அச்சின் பிழையை அடுத்த அச்சு பெருமளவு கழித்துவிடும். எந்த நிலையில் தொடங்கினாலும் ஏறக்குறைய ஒரே பலன்.

இடைவெளியைப் பல்ஸின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும்: 312.5 நானோவினாடி. முதலிலும் கடைசியிலும் அதில் பாதி. பலரும் விளிம்பிலிருந்து அளந்து, பல்ஸ் நீளத்தைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள்.

பதில் 3
ஒரு கணக்கு விட்டுப்போச்சு. டி1 60 என்றால் 20 மைக்ரோவினாடியில் உச்சவரம்பே 0.85. ஒய்-இல் 0.83 எடுத்தாச்சு. ஆற்றல் இழப்பை இந்த வகைப் பல்ஸ் தடுக்காது, அதனால் 128, 256 என்று ஏற்றுவது வீண், பிழைதான் சேரும். ஊரிக் வரிசையும் (பல்ஸ் இடைவெளி சமமில்லாதது) வேண்டாம். இரைச்சல் ஒரு அதிர்வெண்ணுக்கு மேல் சட்டென்று அறுந்தால்தான் அது ஜெயிக்கும். அதிர்வெண் ஏற ஏறப் படிப்படியாகக் குறையும் 1/எஃப் இரைச்சலுக்குச் சம இடைவெளியே போதும்.

கேட்டவர்
3 மைக்ரோவினாடியில் 0.42. பல்ஸேதான். வீச்சைத் திருத்தி எக்ஸ்ஒய்-8 போட்டதும் 20-இல் எக்ஸ் 0.81, ஒய் 0.82.