ஏசி டக்ட் வரைபவன் ஒலியியல் ஆலோசகர் ஆகலாமா?

கீபோர்டு_தம்பி:
மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடமாக ஏசி டக்ட் வரைகிறேன். ஞாயிறானால் சர்ச்சில் கீபோர்டு. புதுக் கட்டடத்துக்குப் போனதிலிருந்து பிரசங்கம் ஒரு வரி புரியவில்லை, ஸ்பீக்கர் மேல் ஸ்பீக்கராக மாட்டிப் பார்த்தார்கள், இன்னும் மோசம். இதைச் சரிசெய்வதே ஒரு தொழில் என்று இப்போதுதான் தெரிந்தது. என்ன படிக்க வேண்டும்? இதில் பிழைக்க முடியுமா?

பஞ்சுமெத்தை:
தம்பி, டக்ட் தெரிந்த ஆள் ஒலியியல் ஆலோசகர்களான எங்களுக்குத் தேவை. கச்சேரி மண்டபத்தில் வீணையின் கடைசி இழையை முதலில் விழுங்குவது ஏசி இரைச்சல்தான், டக்டைப் பெரிதாக்கிக் காற்றின் வேகத்தைக் குறையுங்கள் என்று மல்லுக்கட்டுவதிலேயே என் பாதி நாள் போகிறது.

உங்கள் சர்ச் 20 மீட்டர் நீளம், 12 அகலம், 8 உயரம் என்று வையுங்கள். 1920 கனமீட்டர். கிரானைட், பூச்சு, கான்கிரீட் எல்லாம் சேர்ந்து 60 சதுர மீட்டர் திறந்த ஜன்னல் அளவுக்கு ஒலியை உறிஞ்சினாலே அதிகம். 0.161-ஐ 1920-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் எதிர்முழக்கம், அதாவது சத்தம் நின்ற பிறகும் அறையில் எதிரொலித்து அடங்க ஆகும் நேரம், 5 வினாடிக்கு மேல். ஒவ்வொரு ஆளும் 0.45 சதுர மீட்டர் ஜன்னல் அளவுக்கு உறிஞ்சுவார் என்று 300 பேரை உட்காரவைத்தால் அதே இடத்தில் சுமார் 1.6 வினாடி. வார நாளில் 20 பேர் வந்தால் 4.5. அதனால் நான் முதலில் கேட்பது, புரியாதது எந்த நாளில் என்றுதான். ஸ்பீக்கரைக் கண்டபடி கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடும்.

இந்தச் சூத்திரமே மெத்தை தூக்கிக் கண்டுபிடித்ததுதான். 1895-இல் ஹார்வர்டில் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அரங்கில் பேச்சு புரியாமல் போக, இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சாபின் பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் கொண்டுவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் அடங்கும் நேரத்தை அளந்தார். அடுத்து அவர் ஆலோசனையில் எழுந்தது 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால்.

வாய்தா_வாங்கி:
கணக்கு சரி அண்ணா, மனிதர்களைப் பற்றியும் சொல்லுங்கள். ஒரு ஊரில் நான் துணி போர்த்திய கிளாஸ் வுல் பேனல் போட்டுக் கொடுத்தேன், அருமையாக வந்தது. திருவிழாவுக்கு முன் கமிட்டி ஆள்விட்டுச் சுவரோடு சேர்த்துப் பேனலுக்கும் இரண்டு கோட் எனாமல் அடித்துவிட்டது. ஒலியை உறிஞ்சும் துளைகள் அடைபட்டன, பழைய குருடி கதைதான். திட்டு எனக்கு. நியூயார்க்கில் பெரிய ஒலியியல் ஆலோசகர் பெரானக் பேரிலேயே பழி விழுந்ததே, 1962-இல் திறந்த ஃபில்ஹார்மானிக் ஹாலில் இருக்கைகளைக் கூட்டவென்று அவர் யோசனையை மாற்றினார்கள், கடைசியில் 1976-இல் உள்பக்கம் முழுவதையும் இடித்துக் கட்டினார்கள்.

சம்பளமா? ஆரம்பத்தில் ஐடி நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. கோவில், சபா வேலை மனசுக்கு. வீட்டு வாடகை கட்ட ஜெனரேட்டர் ரூம், மீட்டிங் ரூம் வேலைதான்.

பஞ்சுமெத்தை:
அதுவும் உண்மை. தனிப் பட்டம் இல்லாமலும் வரலாம் தம்பி. ஒரு ஆலோசகரிடம் சேர்ந்து அளக்கப் பழகுங்கள், அறையின் ஒலியைக் கணினியில் கணிக்கும் ஓடியான், ஈஸ் மென்பொருளெல்லாம் அப்புறம். முதலில் ஆளில்லாத நேரத்தில் ஒரு பெரிய பலூனை உடைத்து, சத்தம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று போனில் பதிவுசெய்து பாருங்கள்.

கீபோர்டு_தம்பி:
சனிக்கிழமையே போகிறேன் அண்ணா.

வாய்தா_வாங்கி:
வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு உடையுங்கள். நான் சொல்லாமல் உடைத்தவன்.