எஸ்டிகே நிறுவல் கையேடு: ‘பாத்’ என்பதற்கு என்ன எழுதுவது?

ச.மா. (கையேட்டு ஒருங்கிணைப்பு):

அனைவருக்கும் வணக்கம்.

ஆண்ட்ராய்டு எஸ்டிகே (செயலி உருவாக்கும் கருவித்தொகுப்பு) நிறுவல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘சிக்கல்களும் தீர்வுகளும்’ பகுதி மட்டும் ஒரே ஒரு சொல்லால் நிற்கிறது. வரைவில் உள்ள வரி இது: “எஸ்டிகே பாதையைப் பாதையில் சேர்க்கவும். பாதை சரியாக இருந்தும் பிழை வந்தால் பாதையைச் சரிபார்க்கவும்.”

முதலில் வரும் பாதை ஒரு கோப்புறை வட்டில் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வது. அடுத்து வருவது ‘பாத்’ என்ற பெயரில் இயங்குதளம் வைத்திருக்கும் சூழல் மாறி. ஒரு கட்டளையை அடித்ததும் எந்தெந்தக் கோப்புறைகளில் அதைத் தேட வேண்டும் என்ற பட்டியல். ஆங்கிலத்தில் மாறியைப் பெரிய எழுத்தில் எழுதிப் பிரித்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை.

இந்தக் குழப்பத்தால் கணினியே கெடுகிறது. ‘பாதையை மாற்றுக’ என்று படித்தவர் விண்டோஸில் செட்எக்ஸ் கட்டளையைக் கொடுத்துப் பட்டியல் முழுவதையும் அழித்து, அந்த இடத்தில் எஸ்டிகே முகவரி ஒன்றை மட்டும் வைத்துவிடுகிறார். பழைய மதிப்போடு சேர்த்து எழுதினாலும் ஆபத்து நீங்குவதில்லை. செட்எக்ஸ் 1024 எழுத்துக்கு மேல் வெட்டிவிடும். வாலில் இருந்த கோப்புறைகள் காணாமல் போகும். எனவே இரண்டுக்கும் வேறு வேறு சொல் கட்டாயம் வேண்டும். வியாழன் மாலைக்குள் கருத்துச் சொல்லுங்கள்.

மு.செ.:

வணக்கம். பாதை என்பதையே விட்டுவிடலாம். அது வடசொல். வழி, நெறி, தடம், ஆறு என்று நான்கு நல்ல சொற்கள் கையில் இருக்கும்போது கடன் எதற்கு? தேடுபொறி நிலைத்துவிட்டது. அதே அச்சில் ‘தேடுநெறி’ என்று வைத்தால் பொருளும் விளங்கும், தமிழாகவும் இருக்கும்.

இரா.கோ.:

மு.செ. ஐயா ‘ஆறு’ என்று தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஆறு என்றால் வழி. ‘அறத்தாறு’ என்று குறளில் வருவதும், அலுவலகக் கடிதங்களில் ‘கேட்டுக்கொள்ளுமாறு’ என்று நாம் அன்றாடம் எழுதுவதும் இந்த ஆறுதான். வழியில் செலுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் என ஐந்து நூல்கள் இந்த வகை. பரிசில் பெற்றவன், பெறாதவனிடம் ‘இந்த வழியே போ, இன்ன ஊர் வரும், அங்கே இன்னார் இருப்பார்’ என்று சொல்வது அதன் அமைப்பு.

இந்த மாறி செய்வதும் அதுவே. கட்டளைச் சாளரத்துக்கு ஏடிபி என்ற ஆண்ட்ராய்டு கருவி எங்கே இருக்கிறது என்று தெரியாது. ‘இந்தக் கோப்புறையில் பார், இல்லையேல் அடுத்ததில் பார்’ என்று அதை ஆற்றுப்படுத்துகிறது இந்தப் பட்டியல். இரண்டாயிரம் ஆண்டு மரபுள்ள சொல் பொருளோடு பொருந்தி வரும்போது புதிதாக ஒன்றைச் செய்வானேன்? ‘ஆற்றுப்படை மாறி’ என்பது என் முன்மொழிவு.

ப.சி. (யாழ்ப்பாணம்):

வணக்கம். இரா.கோ. ஐயாவின் விளக்கம் அழகு. ஆனால் எங்கட மாணவருக்கு ஆற்றுப்படுத்தல் என்றால் உளவளத்துணை. பாடசாலைகளில் ஆற்றுப்படுத்துநர் என்று அந்தப் பணியில் ஆசிரியர்களே இருக்கினம். கணினிப் பாடத்தில் ‘ஆற்றுப்படையைத் திருத்துக’ என்றால் பிள்ளை என்னத்தை விளங்கிக்கொள்ளும்?

இன்னொரு பக்கமாகப் பாருங்கோ. ஏன் இந்த மாறிக்குப் புதுப்பெயர் தேட வேண்டும்? மற்றதை மாற்றுவோம். கோப்புறை இருக்கும் இடத்தை ‘இருப்பிடம்’ என்று எழுதினால் ‘பாதை’ இந்த மாறிக்கே மிஞ்சும். “எஸ்டிகே இருப்பிடத்தைப் பாதையில் சேர்க்கவும்.” சிக்கல் முடிந்தது. பாதை வடசொல் என்று சொல்பவர்கள் உண்டு. பதி, பாதம் என்ற வேர்களில் இருந்து தமிழ் என்று காட்டுபவர்களும் உண்டு. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்கு அந்த வழக்கு தேவையில்லை.

வெ.நி.:

இருப்பிடம் என்பதை ஆதரிக்கிறேன், அதற்கு வலுவான காரணம் உண்டு. ஆண்ட்ராய்டின் கட்டளைக் கருவிகளைத் தனியாக இறக்கி ஜிப்பை விரித்தால் சிஎம்டிலைன்-டூல்ஸ் என்ற கோப்புறை வரும். அதற்குள் லேட்டஸ்ட் என்று ஒன்றை உருவாக்கி, இயங்கு கோப்புகள் உள்ள ‘பின்’ என்ற கோப்புறை உட்பட எல்லாவற்றையும் அதற்குள் நகர்த்த வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் எஸ்டிகேமேனேஜர் என்ற கருவி ‘எஸ்டிகே வேரைக் (தலைக் கோப்புறையை) கண்டறிய முடியவில்லை’ என்று நின்றுவிடும். இந்தப் பிழைக்கும் சூழல் மாறிக்கும் தொடர்பே இல்லை. ‘பாதைப் பிழை’ என்று எழுதினால் மாணவர் மாறியைத் திருத்தப் போவார். ‘இருப்பிடப் பிழை’ என்றால் கோப்புறையைப் பார்ப்பார்.

ஆனால் மாறிக்குப் பாதை, நெறி, ஆறு, தடம் எதுவும் சரியில்லை. அது ஒரு வழியே அல்ல, வரிசை. பெரும்பாலான சிக்கல் வரிசையில்தான் இருக்கிறது. மைக்ரோசாப்டின் டாட்நெட் எஸ்டிகேயில் பார்க்கலாம். 64 பிட் எஸ்டிகே முறையாக நிறுவப்பட்டிருக்கும். ஆனாலும் ‘எஸ்டிகே எதுவும் இல்லை’ என்று வரும். காரணம், எக்ஸ்86 ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் உள்ள டாட்நெட் கோப்புறை பட்டியலில் முன்னால் நிற்கிறது. அங்கே 32 பிட் இயக்கச்சூழல் மட்டும் உண்டு, எஸ்டிகே கிடையாது. பட்டியலில் 64 பிட் கோப்புறையை மேலே ஏற்றினால் போதும், மறுநிறுவல் தேவையே இல்லை.

ஜாவாவிலும் இதே கதை. விண்டோஸ் முதலில் கணினி முழுமைக்குமான பட்டியலையும் அதன் பின்னால் பயனரின் பட்டியலையும் ஒட்டுகிறது. மாணவர் பயனர் பட்டியலின் உச்சியில் ஜாவாவின் கருவித்தொகுப்பான ஜேடிகே 17ஐ வைத்தாலும், கணினிப் பட்டியலில் ஆரக்கிளின் நிறுவல் மென்பொருள் சேர்த்த ஜாவாபாத் கோப்புறையே முந்தும். பழைய ஜாவாதான் ஓடும்.

ஆகவே சொல்லுக்குள் வரிசை தெரிய வேண்டும். ‘தேடுவரிசை’, அல்லது ‘தேடுநிரல்’.

மு.செ.:

தேடுநிரல் கூடவே கூடாது. நிரல் என்றால் வரிசை என்பது உண்மை. நிரல்நிறை என்று அணியிலும் பொருள்கோளிலும் படித்தோம். ஆனால் கணிமையில் நிரல் என்பது ப்ரோகிராமுக்கு நிலைத்துவிட்டது. தேடுநிரல் என்றால் தேடும் மென்பொருள் என்றே கொள்வார்கள். கணக்குப் பாடத்திலோ அணிக்கோவையில் நிரை கிடக்கை, நிரல் நெடுக்கை. ஒரே மாணவர் ஒரே நாளில் இந்த மூன்றையும் சுமக்க வேண்டுமா?

வரிசை என்பதும் எனக்கு நிறைவாக இல்லை. கியூ, ஆர்டர், சீரீஸ் எல்லாவற்றுக்கும் அதையே போட்டு நீர்த்துவிட்டோம்.

கு.பா. (ஆய்வகப் பயிற்சி):

மன்னிக்கவும், எல்லோரும் திரையை மறந்துவிட்டுப் பேசுகிறோம். ‘என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்’ சாளரத்தைத் திறந்தால் பட்டியலில் ‘பாத்’ என்றே ஆங்கிலத்தில் இருக்கும். தேடுவரிசை என்று அங்கே எதுவும் இருக்காது. மாணவர் எதன்மேல் இரட்டைச் சொடுக்கு செய்வார்? கையேட்டில் ‘பாத்’ என்றே எழுதுங்கள்.

அந்தப் பகுதியில் விடுபட்டவற்றையும் சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழெழுத்தில் தருகிறேன்.

செட்எக்ஸ் வழியைக் கையேட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். சாளரத்தில் ‘எடிட்’, பிறகு ‘நியூ’ அழுத்தி ஒரு வரிக்கு ஒரு கோப்புறையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஏடிபிக்கு ப்ளாட்ஃபார்ம்-டூல்ஸ் கோப்புறையும், எஸ்டிகேமேனேஜருக்கு சிஎம்டிலைன்-டூல்ஸ், லேட்டஸ்ட், பின் என்ற அடுக்கில் கடைசிக் கோப்புறையும் வேண்டும். எஸ்டிகேயின் தலைக் கோப்புறையை மட்டும் சேர்த்தால் பயனில்லை. தேடல் உட்கோப்புறைகளுக்குள் இறங்காது.

சேர்த்தபின் திறந்திருக்கும் கட்டளைச் சாளரத்தில் சோதிக்கக் கூடாது. அது திறந்தபோது இருந்த பட்டியலையே கையில் வைத்திருக்கும். புதுச் சாளரம் வேண்டும். விஎஸ் கோடு என்ற நிரல் திருத்திக்குள் இருக்கும் டெர்மினலில் புது டேப் திறந்தாலும் போதாது. விஎஸ் கோடு தொடங்கியபோது பெற்ற பட்டியலே டெர்மினலுக்கும் போகும். அதை முழுவதும் மூடித் திறக்க வேண்டும்.

எந்த ஜாவா அகப்படுகிறது என்று பார்க்க, கட்டளைச் சாளரத்தில் ‘வேர் ஜாவா’ (‘எங்கே’ என்று கேட்கும் ஆங்கில ‘வேர்’). பவர்ஷெல்லில் ‘வேர்’ என்பது வேறொரு கட்டளையின் சுருக்கம், ஒன்றும் காட்டாமல் திரும்பிவிடும், அங்கே ‘வேர்.இஎக்ஸ்இ ஜாவா’. லினக்ஸில் ‘டைப் -ஏ ஜாவா’. அங்குள்ள கட்டளைச் சூழலான பாஷ் பழைய இடத்தையே நினைவில் வைத்திருந்தால் ‘ஹேஷ் -ஆர்’.

ச.மா.:

கு.பா., நன்றி, செட்எக்ஸை நீக்கிவிட்டேன். திரையில் உள்ளது உள்ளபடி ஒருமுறை வரத்தான் வேண்டும். ஆனால் விளக்கப் பத்திகளில் ‘பாத்தில்’, ‘பாத்தை’, ‘பாத்துக்குள்’ என்று வேற்றுமை உருபு ஏற்றும்போது ‘பார்த்து’, ‘பாத்தி’ போலவெல்லாம் ஒலித்து வாசிப்பு தடுக்குகிறது.

பேருந்துத் தடம், வழித்தடம் எல்லோரும் அறிந்தவை. தடம் என்றதும் வரிசையாக நிறுத்தங்கள் நினைவுக்கு வரும், வெ.நி. கேட்கும் வரிசையும் ஓரளவு அதில் வந்துவிடும். ‘தேடுதடம்’ எப்படி?

ப.சி.:

தேடுதடம் வினைத்தொகை என்றால் ‘தேடுகின்ற தடம்’ என்று விரியும். தடமா தேடுகிறது? தேடுவது கட்டளைச் சாளரம் அல்லவா? தேடுபொறியில் பொறிதான் தேடுகிறது, அங்கே இந்தக் குறை இல்லை. அப்படிப் பார்த்தால் ‘தேடற்பாதை’ பிழையில்லாத சொல்.

இரா.கோ.:

குறை இல்லை அம்மா. பெயரெச்சம் எஞ்சி நிற்கும் பெயர் செய்பவனாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. ‘செய்வது ஆதி அறுபொருள்’ என்று நன்னூல் ஆறு சொல்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். உண்கலத்தில் கலம் உண்பதில்லை, ஆடரங்கில் அரங்கு ஆடுவதில்லை. தேடுதடம் நிலப்பெயர் கொண்ட வினைத்தொகை. வல்லினம் மிகாது, அச்சில் ‘தேடுத்தடம்’ என்று போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.

தடம் பற்றி இன்னும் ஒன்று. ‘தடவும் கயவும் நளியும் பெருமை’ என்பது தொல்காப்பிய உரியியல். தட என்றால் பெரிய. தடக்கை அப்படி வந்தது. பலர் நடந்து அகன்ற வழி தடம் ஆனதா, அகன்ற நீர்நிலை தடம் ஆனதா, இரண்டும் ஒரு வேரா என்பது பெரிய ஆராய்ச்சி. தனி இழையில் எழுதுகிறேன். ஆற்றுப்படையை நான் கைவிடவில்லை. இந்தக் கையேட்டுக்கு மட்டும் தேடுதடத்துக்கு உடன்படுகிறேன்.

வெ.நி.:

இலக்கணம் சரி, பொருள் சரியில்லை. இதே பகுதியில் ஜாவா பிழையோடு நீளமாக ஒரு ஸ்டாக் ட்ரேஸும் (பிழை வரை வந்த அழைப்புகளின் பட்டியல்) வரும். அதற்கும் தடம் என்றுதான் நாளை எழுதுவோம். அப்போது இதே சண்டை திரும்ப வரும். என் வாக்கு தேடுவரிசைக்கே.

சொல் எதுவானாலும் இந்தக் குறிப்பைச் சேருங்கள். ‘ஜாவா -வெர்ஷன்’ 17 என்று காட்டும். ஆனால் செயலியைக் கட்டும் கருவியான க்ரேடில் ‘ஜாவா 17 தேவை, நீங்கள் பயன்படுத்துவது 11’ என்று சொல்லும். முரண் போலத் தெரியும், ஆனால் முரண் இல்லை. ஜாவா ஹோம் என்ற மாறி இருந்தால் க்ரேடிலை ஓட்டும் க்ரேடில்டபிள்யூ கட்டளை அதைத்தான் எடுத்துக்கொள்ளும். அது இல்லாதபோது மட்டுமே பாத் பட்டியலைப் பார்க்கும். ‘க்ரேடில்டபிள்யூ --வெர்ஷன்’ கொடுத்தால் எந்த ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் பொறி) என்று தெரியும். ஜாவா ஹோமில் ஜேடிகேயின் தலைக் கோப்புறையைத் தர வேண்டும். அதற்குள் உள்ள பின் கோப்புறையைத் தந்தால் ‘செல்லாத கோப்புறை’ என்று பிழை வரும். தேடல் பட்டியலில் நேர் எதிர்: அங்கே பின் கோப்புறைதான் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பத்தியில், பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள்.

கு.பா.:

இன்னொன்றும் வேண்டும். விண்டோஸ் கணக்கைத் தமிழ்ப் பெயரில் தொடங்கியவர்களின் பயனர் கோப்புறையும் தமிழெழுத்தில் இருக்கலாம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ எஸ்டிகேயை இயல்பாகவே அதற்குள் வைக்கும், பிறகு ஆஸ்கி அல்லாத (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதிக்கு வெளியே உள்ள) எழுத்து இருப்பதாக எச்சரிக்கும். எஸ்டிகேயைச் சி வட்டின் தலையில் இடைவெளியில்லாத ஆங்கிலப் பெயர்க் கோப்புறையில் நிறுவச் சொல்லுங்கள். திட்டக் கோப்புறைக்கும் அதே கட்டுப்பாடு. க்ரேடில்.ப்ராப்பர்ட்டீஸ் என்ற அமைப்புக் கோப்பில் ‘ஆண்ட்ராய்டு.ஓவர்ரைடுபாத்செக்’ என்பதை ட்ரூ ஆக்கினால் தடை விலகும், ஆனால் சிக்கல் வேறு கருவியில் தலைகாட்டலாம். மாணவருக்கு அதைப் பரிந்துரைக்க வேண்டாம்.

மு.செ.:

தமிழில் பெயர் வைத்தால் கருவி வேலை செய்யாது என்பதை ‘மாணவர் தவறு’ என்ற தலைப்பில் போட்டுவிடாதீர்கள். கருவியின் குறை அது. அப்படியே எழுதுங்கள்.

தேடுதடத்துக்கு என் ஒப்புதல். தேடுநெறியை அழுத்தவில்லை.

ச.மா.:

மு.செ. சொன்னபடி தலைப்பை ‘கருவியின் வரம்பு’ என்று மாற்றிவிட்டேன்.

இரா.கோ., மு.செ., நான் தேடுதடத்துக்கு. வெ.நி. தேடுவரிசைக்கு. ப.சி. பாதைக்கு, அல்லது தேடற்பாதைக்கு. கு.பா. பாத்துக்கு. கோப்புறைக்கு ‘இருப்பிடம்’ என்பதை யாரும் மறுக்கவில்லை. அச்சுக்குப் போவது இது:

“பாத் என்ற சூழல் மாறியை இக்கையேடு தேடுதடம் என்று குறிக்கும். கட்டளையைத் தேட வேண்டிய கோப்புறைகள் அதில் வரிசையாக இருக்கும். முதலில் அகப்படுவதே இயங்கும். எஸ்டிகே இருப்பிடத்துக்குள் உள்ள ப்ளாட்ஃபார்ம்-டூல்ஸ் கோப்புறையைத் தேடுதடத்தில் சேர்க்கவும். சேர்த்த பின்னும் பழைய பதிப்பே இயங்கினால் தேடுதடத்தின் வரிசையைச் சரிபார்க்கவும்.”

வெ.நி.:

‘தேடுதடத்தின் வரிசை’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தேடுவரிசை என்றால் அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்திருக்கும். மாற்றுக்கருத்தைக் கலைச்சொல் பட்டியலில் அடிக்குறிப்பாகவாவது சேர்க்க வேண்டும்.

ப.சி.:

இலங்கைப் பதிப்பில் நாங்கள் ‘பாதை’ என்றே போடுவோம். முதல் பக்கத்தில் உங்கட சொல்லையும் தருவோம். அது இருக்கட்டும். ஆறாம் பகுதியில் க்ளாஸ்பாத் வருகிறது. இதுவும் தேடும் இடங்களின் பட்டியல்தான், ஆனால் ஜேவிஎம் வகுப்புகளைத் தேடுவது. அதற்கு என்ன எழுதப் போகிறீர்கள், வகுப்புத்தடமா?